சிமெண்ட் பூசிய காம்பரா

பாப்பா,

இதை எழுதுவது ஹார்ட்வெயார் கடை முஸ்லிம் நானா. கையெழுத்து அவருடையது, பேச்சு என்னுடையது. பதுளைக் கடைவீதியில் அவருடைய கடைக்குப் பின்னால், சிமெண்ட் மூட்டைகளுக்கும் பெயிண்ட் டின்களுக்கும் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு என்னை உட்கார வைத்திருக்கிறார். நான் வாயில் வந்தபடி சொல்கிறேன். அவர் அதைப் புத்தகத்தில் வருகிற மாதிரி திருத்தி எழுதிக்கொள்கிறார். "பாஸ், மெதுவாச் சொல்லுங்க, நான் என்ன மெசினா?" என்று இதற்குள்ளேயே என்னை அதட்டியாகிவிட்டது. நான் தோட்டத்து மேசனாக வேலை செய்த காலம் முழுக்க இவரிடம்தான் சாமான் வாங்கினேன். இன்றைக்கும் அவருக்கு நான் மேசன் பாஸ்தான்.

போன வாரம் போனில் நீ கேட்டாய்: "அப்பா, இந்தத் தடவையாவது நேரா பதில் சொல்லுங்க. வர்றீங்களா, இல்லையா?" மழை பெய்கிறது, சத்தம் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். மழை இல்லை. அது உனக்கும் தெரிந்திருக்கும். என் இருமல் உனக்குக் கேட்கிறது, ஈரச் சுவருக்குள் தனியாகக் கிடக்கிறேன் என்று பயப்படுகிறாய், நாம் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவைத் தோட்டத்து ஆபீசில் ஒப்படைத்துவிட்டுக் கொழும்புக்கு உன்னோடு வந்துவிடச் சொல்கிறாய். ஒப்படைத்தால் திரும்பக் கிடைக்காது. அதற்குப் பிறகு இந்த மலையில் நமக்கு என்று ஒரு கதவு இருக்காது. இதையெல்லாம் போனில் பேச எனக்கு வராது பாப்பா. உன் குரல் வந்ததும் மழையைப் பற்றித்தான் பேச வருகிறது. அதனால்தான் நானாவைப் பிடித்தேன். பதில் சொல்கிறேன். ஆனால் என் வழியில் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

நீ அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாய். பொங்கல் வருகிறது என்று, காம்பராக்கள் ஒட்டி நிற்கிற லயம் முழுக்கச் சுண்ணாம்பு அடிக்கிற வேலை. சூளையில் சுட்ட சுண்ணாம்புக் கல் லாரியில் வந்து இறங்கும். சுடாத கல் தூக்க முடியாத கனம். சுட்ட பிறகு அதே கல் பொறை ரொட்டி மாதிரி லேசாகிவிடும். அதைத் தகரப் பீப்பாயில் போட்டு நான் தண்ணீர் ஊற்றினேன். உஸ்ஸென்று இரைந்து, புகைந்து, குழம்பு மாதிரி கொதிக்கத் தொடங்கியது. நீ பீப்பாயைச் சுற்றி வந்து கீழே குனிந்து பார்த்தாய்.

"அடுப்பு எங்கப்பா?"

"அடுப்பு இல்ல பாப்பா. தள்ளி நில்லு, தெறிக்கும்."

"அடுப்பு இல்லாம எப்பிடி கொதிக்குது?"

"கல்லுக்குக் கோவம்."

"யாரு மேல?"

தேயிலைக் கொழுந்துக் கூடையோடு வந்துகொண்டிருந்த உன் அம்மா அங்கிருந்தே சொன்னாள்: "வேற யாரு மேல, உங்கப்பா மேலதான். அந்தக் கல்லாவது கொதிச்சுத் தீத்துக்குது."

எல்லோரும் சிரித்தோம். நீ மட்டும் சிரிக்கவில்லை. கொதிப்பு அடங்கி, வெண்ணெய் மாதிரி அது அமுங்கும் வரைக்கும் முன் திண்ணை இஸ்தோப்புப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாய். சோறு தின்னும்போதும் அதையே கேட்டாய். எனக்குத் தெரிந்தது, சுட்ட கல்லில் தண்ணீர் பட்டால் கொதிக்கும் என்பது மட்டும்தான். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. என்னிடம் யாரும் அதுவரை கேட்டதும் இல்லை.

அந்தக் கேள்வியை நீ மறக்கவில்லை. பல்கலைக்கழகம் போய் இரசாயனம் படித்து, முதல் லீவுக்கு வந்த அன்று, பையை இறக்குவதற்கு முன்னால், "அப்பா, கல்லுக்குக் கோவமில்லப்பா" என்றாய். எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. பிறகுதான் பீப்பாய் நினைவு வந்தது. கல்லுக்குள் ஒரு காற்று கட்டுண்டு கிடக்கிறது, சூளைத் தீ அதைப் பிரித்து விரட்டிவிடுகிறது, அதனால்தான் சுட்ட கல் லேசு என்றாய். நாம் மூச்சு விடும்போது வெளியே வருகிற அந்தக் காற்றுக்கு நீ சொன்ன பேர், காபனீரொட்சைட்டு, எனக்கு இன்னும் வாயில் நுழையாது. நானாவும் இப்போது இரண்டு தடவை அடித்துத்தான் எழுதினார். காற்றை இழந்த கல் தண்ணீரைக் கண்டதும் ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ளும், அந்தச் சேர்க்கையில் வருகிற சூடுதான் கொதிப்பு. பிறகு சுவரில் பூசினால், வெளிக்காற்றிலிருந்து தான் இழந்ததை மெதுவாகத் திரும்ப இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிவிடும். மேல்தோல் முதலில், உள்பக்கம் மாசக்கணக்கில். நான் பூசிய சுவரெல்லாம் எனக்குத் தெரியாமலே கல்லாகிக்கொண்டிருந்தது என்று கேட்டதும் எழும்பிப் போய் நம் சுவரைத் தடவிப் பார்த்தேன்.

அந்த லீவில் நம்முடைய காம்பராவே ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது. அம்மா புடைக்க வைத்திருந்த சுளகை எடுத்து, கடலையையும் பயறையும் மாற்றி மாற்றி வரிசையாக அடுக்கினாய். உப்புக் கல்லுக்குள் இப்படித்தான் அடுக்கியிருக்கும் என்றாய். கடலைக்கும் பயறுக்கும் ஒன்றையொன்று பிடிக்கும், அதனால் கட்டி இறுகி நிற்கும். ஒரு வரிசையை விரலால் ஒரு இடம் தள்ளினாய். கடலைக்கு எதிரே கடலை, பயறுக்கு எதிரே பயறு வந்து நின்றது. ஒத்ததுக்கு ஒத்தது ஆகாது, ஒன்றையொன்று தள்ளிவிடும், அதனால்தான் கல்லுப்பைத் தட்டினால் வளையாமல் பட்டென்று பிளக்கிறது. இரும்பு அப்படி இல்லை என்றாய். இரும்பில் ஒவ்வொரு அணுவும் தன் இலத்திரன் என்கிற மின்துகளைப் பொதுவில் விட்டுவிடுகிறது, நம்முடைய லயத்துப் பொதுக் குழாய் மாதிரி. யார் எந்தக் காம்பராவுக்கு மாறினாலும் தண்ணீர் உண்டு. அதனால் வரிசை நகர்ந்தாலும் பிடி விடாது. சம்மட்டியால் அடித்தால் வளைகிறது, உடையவில்லை.

அப்புறம் பென்சிலைக் காட்டி, இந்தக் கரியும் வைரமும் ஒரே சரக்கு, அடுக்குத்தான் வேறு என்றாய். பென்சிலில் அது தாள் தாளாகப் படுத்திருக்கிறது, தாள் வழுக்கினால் எழுத்து. வைரத்தில் ஒவ்வொன்றும் நாலு பக்கமும் கை கோத்து நிற்கிறது. அம்மா மூக்கைத் தடவிக்கொண்டாள்.

"அப்ப என் மூக்குத்திக் கல்லும் இவ பென்சிலும் ஒரே சாதியா?"

"வைரமா இருந்தா ஒரே சாதிதாம்மா. உங்கது கண்ணாடி."

"உங்கப்பாகிட்ட கேளு. கல்யாணத்தப்ப வைரம்னாரு."

"வைரம் மாதிரின்னேன்" என்றேன் நான்.

"ஆமா, நீங்களும் புருஷன் மாதிரிதான்" என்றாள். நீ சிரித்த சிரிப்பில் சுளகு கவிழ்ந்து கடலை எல்லாம் கட்டிலுக்கு அடியில் ஓடியது. அன்றைக்கு இருந்த மூன்று பேரை நான் அடிக்கடி அந்த இடத்திலேயே உட்கார வைத்துப் பார்க்கிறேன். அதைத் தவிர சாயங்காலங்களில் எனக்கு வேறு வேலை இல்லை.

இனி சிமெண்ட் கதைக்கு வருகிறேன். உன்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்ததும் அம்மா சுண்ணாம்புக்கு நீலம் வாங்கி வரச் சொன்னாள். நான் கேட்கவில்லை. நம் ஆட்களுக்கு ஒரு எண்ணம் இருக்கிறது, உனக்குத் தெரியும். சுண்ணாம்பு அடித்தால் அது லயம், சிமெண்ட் பூசினால்தான் வீடு. கலியாணம், சடங்கு என்று வந்தால் முதலில் ஓடுவது சிமெண்டுக்குத்தான். வருகிறவர்கள் சுவரைத் தடவிப் பார்ப்பார்கள், தடவும்போது கையில் வெள்ளை ஒட்டக்கூடாது. நானும் நானாவிடம் வந்து மூட்டை ஏற்றிக்கொண்டு போய், அடிவரைக்கும் வழவழவென்று பூசி, மேலே ரோஜா நிறத்தில் பெயிண்ட் அடித்தேன். நான் நினைத்தபடியே மாப்பிள்ளையின் சித்தப்பா தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல வீடுங்க" என்றார். வீடு என்றார் பாப்பா. அன்றைக்கு எனக்குத் தலை கால் புரியவில்லை.

இந்த இடத்தில் நானா பேனாவை வைத்துவிட்டார். "மூட்டை நான் குடுத்தேன்னு எழுதணுமா பாஸ்?"

"குடுத்தது நீங்கதானே நானா."

"கடைக்கு வந்து சிமெண்ட் கேட்டா நான் என்ன, சீனியா குடுக்கிறது?"

எழுதட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீ கலியாணமாகிக் கொழும்புக்குப் போனாய். அடுத்த மழைக்கே சுவர் வேர்க்கத் தொடங்கியது. பெயிண்ட் கொப்புளித்தது. மூலையில் வெள்ளையாக உப்புப் பூத்தது. நான் சுரண்டிச் சுரண்டி மறுபடி சிமெண்டையே அப்பினேன். பிறகு அம்மா போனாள். அது வேறு நோய், பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் உன்னிடமும்தான் சொன்னார், சுவர் மேல் பழியைப் போடாதே. முப்பதாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, நீ அழுது வீங்கிய முகத்தோடு சுவரோரம் உட்கார்ந்து விரல் முட்டியால் தட்டினாய். பானையைத் தட்டின மாதிரி சத்தம்.

"விட்டுப் போச்சுப்பா. உள்ள பிடிப்பே இல்ல."

"அப்ப சிமெண்ட் கெட்ட சரக்கா?"

"யாருப்பா சொன்னது? வேலை பாக்கிற ஆராய்ச்சி லெப்ல நாள் பூரா நான் அதத்தானே உடைச்சுப் பாக்கிறேன். பாலத்துக்கு அதுதான் வேணும். இந்தச் சுவரு வேற. கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். கீழ ஈரத்தைக் குடிக்கும், மேல காத்துல விடும். சுண்ணாம்பு முழுக்கப் பொடி ஓட்டை, நம்ம கண்ணுக்குத் தெரியாது. மழைக்கும் வெயிலுக்கும் சுவரு கொஞ்சம் அசையும், சுண்ணாம்பும் கூடவே அசையும். சிமெண்ட் உள்ளுக்குள்ள நெருக்கமாப் பின்னிக்கிட்டது. அசையாது, ஈரத்தையும் விடாது. ஈரம் உள்ளயே நின்னு உப்பாகி, அதைத் தள்ளிருச்சு."

சொல்லிவிட்டு நீ மறுபடி அழுதாய். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவை சொன்னாய், "எங்ககூட வந்துருங்கப்பா" என்று.

வந்தேன், இல்லையா? ஒரு பத்துப் பன்னிரண்டு நாள் கொழும்பு வெள்ளவத்தையில் உன் மாடி வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளை தங்கமான மனுஷன். எனக்காக டிவியில் சத்தம் கூட்டி வைப்பார். நீ எனக்கு உப்பு இல்லாமல் சமைத்தாய், செருப்பு வாங்கித் தந்தாய், கீழே இறங்கினால் வழி தவறிவிடும் என்று கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனாய். ஒரு விஷயத்தை நான் உன்னிடம் சொல்லவில்லை. இங்கே விடிந்ததும் பக்கத்துக் காம்பரா மாரியாயி நம் சுவரைத் தட்டுவாள், நான் திருப்பித் தட்டுவேன். விடியற்காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு எழும்பியாச்சா என்று கேட்பதற்கு வந்த பழக்கம், இப்போது உயிரோடு இருக்கிறாயா என்று கேட்பதற்கு. உன் வீட்டிலும் ஒரு நாள் கை தானாகவே போய்ச் சுவரைத் தட்டிவிட்டது. பதில் இல்லை. இன்னும் பலமாகத் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடித்தது. பக்கத்து வீட்டு அம்மா, யாழ்ப்பாணத்துக்காரி, கண்ணாடியைச் சரி செய்துகொண்டு நின்றாள்.

"ஐயா, விடியக் காலமை ஏன் சுவரிலை தட்டுறியள்? சுகமில்லையோ?"

"இல்லீங்கம்மா, சும்மாதான். எந்திரிச்சிட்டீங்களான்னு..."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபமில்லை. பாவம் என்று பார்த்தாள். அதற்கு அடுத்த நாள்தான் ஊருக்குப் போகிறேன் என்று உன்னிடம் பிடிவாதம் பிடித்தேன். கொழும்பு வெக்கை ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணம் சொன்னேன்.

நீ சொன்ன பென்சில் கணக்குத்தான் என் மனசில் ஓடியது. சரக்கு ஒன்று, அடுக்கு வேறு. இங்கே நான் நாலு பக்கமும் யாரையோ பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு பக்கம் மாரியாயி, ஒரு பக்கம் கோயில் மதில், நான் கட்டிய வடிகான், இந்த நானா. அதே ஆளைத் தூக்கி ஆறாம் மாடியில் வைத்தால், தாள் தாளாக வழுக்கிப் போய்விடுவேனோ என்று பயம். உன் மேல் குறை சொல்லவில்லை. என்னைப் பிடித்து வைக்க உன் இரண்டு கை மட்டும் போதுமா என்று நினைத்தேன்.

நானா மறுபடி நிறுத்திவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். "பாஸ், புள்ள கேட்டது ஒரு கேள்வி. நானும் தாளுக்கு மேல தாளா எழுதிட்டுப் போறேன். கல்லு வந்துச்சு, உப்பு வந்துச்சு, வைரமும் வந்துச்சு. பதில் எங்க?"

"வருது நானா."

"வெரசா வரச் சொல்லுங்க. அசர் தொழுகைக்கு நேரமாகுது."

சரி, சொல்கிறேன். உன் போனை வைத்த மறுநாள் உளியையும் சுத்தியலையும் எடுத்து அந்தச் சிமெண்டைக் கொத்தத் தொடங்கினேன். பலகை பலகையாகக் கழன்று விழுந்தது, அடிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. உள்ளே அம்மா வருஷா வருஷம் அடித்த சுண்ணாம்பு அப்படியே இருக்கிறது. உரித்தால் தோல் தோலாக வருகிறது, ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு தோல், ஒன்றில் நீலம் கூடுதல், ஒன்றில் குறைவு. அதிலே எந்தத் தோல் நீ பிறந்த வருஷம், எந்தத் தோல் நீ பரீட்சை எழுதிய வருஷம் என்று தேடிக்கொண்டு நின்றேன். கண்டுபிடிக்க முடியவில்லை. உளியைக் கீழே வைத்துவிட்டேன் பாப்பா. நான் சுவரில் யாரைத் தேடுகிறேன்? தேடுகிற ஆள் உயிரோடு, ஒரு நாள் ரயில் தூரத்தில் இருக்கிறாள். அம்மாவைத்தான் போய்ப் பார்க்க முடியாது. உன்னைப் பார்க்க முடியும். பார்க்க முடிகிற ஒருத்தியை விட்டுவிட்டு இங்கே எதைக் காத்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

அதனால் வருகிறேன். ஒரேயடியாகத்தான் வருகிறேன்.

காம்பராவை விடுகிறேன் என்று ஆபீசிலே சொல்லி வைத்துவிட்டேன். மாரியாயியின் மகன் கலியாணம் செய்து, புதுப் பெண்ணோடு ஒரு சேலையைக் குறுக்கே கட்டிக்கொண்டு தாயின் காம்பராவிலேயே குடியிருக்கிறான். அவனுக்கே கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள். ஆனால் விட்டுப்போன சுவரோடு ஒரு வீட்டைப் புதுசாக வாழ வருகிறவர்கள் கையில் நான் கொடுக்கமாட்டேன். முழுக்கக் கொத்தி, காய விட்டு, சுண்ணாம்புச் சாந்து மெல்லிசாகப் பூசி, ஒன்று இறுகிய பிறகு அடுத்தது என்று போட வேண்டும். நானா சுண்ணாம்புக்குச் சொல்லியிருக்கிறார். இந்த வேலையை அவசரப்படுத்த முடியாது, அது ஏன் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. சித்திரை கழியட்டும். அதுவரை இருமலுக்கு மருந்து குடிக்கிறேன், படுக்கையை மாரியாயி வீட்டு இஸ்தோப்புக்கு மாற்றிக்கொண்டேன். அதற்குள் போனில் என்னைத் துரத்தாதே.

வந்த பிறகு ஒன்று மட்டும் கேட்கிறேன். என்னை நெருக்கிப் பிடிக்காதே பாப்பா. நீ பிடிக்கிற பிடி, பாலத்துக்குச் சிமெண்ட் பிடிக்கிற பிடி. மாப்பிள்ளையையும் நீ அப்படித்தான் பிடித்திருக்கிறாய், அவர் சொல்லமாட்டார், நான் பார்த்தேன். கொஞ்சம் அசையவும் கொஞ்சம் வேர்க்கவும் இடம் விட்டால் மனுஷர்கள் கூடவே நிற்பார்கள். கதவைப் பூட்டாதே. நான் கீழே இறங்கி நடப்பேன், வழி தவறினால் கேட்டு வருவேன், நாக்கு இருக்கிறது. தேர்த் திருவிழாவுக்கு ரயிலேறி இங்கே வருவேன், மாரியாயி வீட்டில் தங்குவேன். விடிந்ததும் சுவரில் தட்டுச் சத்தம் கேட்கும் என்று அந்த யாழ்ப்பாணத்து அம்மாவிடம் நீயே முன்கூட்டிச் சொல்லி வை.

நானா எழும்பிவிட்டார். அவருடைய சலாமையும் சேர்த்துக்கொள். இன்னும் ஒன்று, அதையும் எழுதிவிடச் சொன்னேன். தினமும் போனை எடுத்ததும் "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்கிறாய். சாப்பிட்டேன் என்கிறேன். பல நாள் அது பொய். ஒருத்தனுக்காக அடுப்பு மூட்ட மனசு வராது, தேத்தண்ணியோடு படுத்துவிடுவேன். நான் வந்து சேர்கிற அன்று அதைக் கேட்காதே பாப்பா. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, நான் தின்று முடிக்கும் வரைக்கும் எதிரே உட்கார்ந்திரு.

உன் அப்பா